ஊமற்கரியால் புளோரைட்டு அகற்றல்: லாப் கரைசலில் இறங்குது, கிணற்றுத் தண்ணியில் இறங்குதில்லை (இறுதியாண்டு ஆய்வு)

செட்டிகுளம்காரி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வவுனியாவில் சூழல் விஞ்ஞானம் இறுதியாண்டு. குழாய்க்கிணற்றுத் தண்ணியில் இருக்கிற புளோரைட்டை ஊமற்கரியால் எடுக்கிறது எண்டு ஒரு தலைப்புக் குடுத்தன், மேற்பார்வையாளர் ஓம் எண்டிட்டார். ஒடியல் காலம் முடிய ஊமல் (கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுற பனங்கொட்டை ஓடு) சும்மா குவிஞ்சு கிடக்கும், அதனாலதான் அதை எடுத்தது.

இப்ப செய்யிற முறை இது. ஊமலைக் கழுவிக் காயவிட்டு, மூடின சட்டிக்குள்ள 500 பாகையில் 1 மணித்தியாலம். இடிச்சு 0.5 மி.மீ. - 1 மி.மீ. அரிப்பு. பிறகு 5% அலுமினியம் சல்பேற்றுக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு, ஒருக்காக் கழுவி, 105 பாகையில் உலர்த்தினது. 100 மி.லீ. கரைசலுக்கு 1 கிராம் கரி, நிமிடத்துக்கு 150 சுற்று, 2 மணித்தியாலம். அளக்கிறது புளோரைட்டு மின்வாயால். டிசாப் (அளக்க முதல் மாதிரியோட கலக்கிற, அயன் வலிமையையும் பீ.எச். ஐயும் ஒரே அளவில் வைக்கிற கரைசல்) குறைவா இருக்கிறதால 50 மி.லீ. மாதிரிக்கு 5 மி.லீ. டிசாப் விடுறம்.

லாபில வடித்த நீரில் கலந்த புளோரைட்டுக் கரைசலில், வெறும் கரி போட்டால் லீற்றருக்கு 5.0 மி.கி. இருந்தது 4.7 ஆகுது. அலுமினியம் ஏத்தின கரியில் 5.0 இலிருந்து 0.4 வரை போகுது. அதே கரியைக் குழாய்க்கிணற்றுத் தண்ணியில் போட்டால் 2.8 இலிருந்து 2.1 தான்.

என்ர கேள்வி: ஏன் இப்பிடி? கிணற்றுத் தண்ணியை விட்டிட்டு லாப் கரைசலோட மட்டும் ஆய்வை முடிக்கலாமோ? இன்னொண்டு, எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டிப் படம் இல்லாமல் அறிக்கை எடுபடுமோ? வெளியில குடுத்தெடுக்கக் காசில்லை.


மின்வாய்:

தங்கச்சி, கிணற்றுத் தண்ணியை விடுங்கோ. முதல் அந்த 0.4 உண்மையான 0.4 தானோ எண்டு பாருங்கோ. எனக்கு அதில சந்தேகம்.

ஒரே ஒருக்காக் கழுவின கரியிலிருந்து அலுமினியம் தண்ணிக்குள்ள வரும். அலுமினியமும் புளோரைட்டும் கரைசலிலேயே இறுகப் பிணைஞ்சு சிக்கல் அயனாகும். வடிதாள் அதைப் பிடிக்காது. மின்வாய்க்குத் தெரியிறது சுயாதீனமா நிக்கிற புளோரைட்டு அயன் மட்டும். ஆக, புளோரைட்டு தண்ணிக்குள்ளேயே நிக்க, மீற்றர் இல்லையெண்டு காட்டும். குடிக்கிற ஆளுக்கு அது உள்ளுக்குப் போகத்தான் போகுது, அலுமினியமும் கூடச் சேர்ந்து.

டிசாப்பில் சி.டி.டி.ஏ. போடுறதே இதுக்குத்தான்: அலுமினியத்தைப் பிடிச்சுக்கொண்டு புளோரைட்டை விடுவிக்கும். நீங்கள் 50 க்கு 5 விட்டால் அது காணாது. ஒண்டுக்கு ஒண்டு விடவேணும். செறிவாக்கின வகை டிசாப்பும் இருக்கு, அதைப் பத்துக்கு ஒண்டு விடலாம்; போத்தலில் என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ. சாதாரண வகையெண்டால் உங்கட இதுவரைக்குமான எண்கள் ஒண்டும் பாவிக்க ஏலாது.

டிசாப் வாங்கத் தேவையில்லை, கலக்கலாம். 1 லீற்றருக்கு: ஏறத்தாழ 500 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில் செறிந்த அசற்றிக் அமிலம் 57 மி.லீ., சோடியம் குளோரைட்டு 58 கிராம், சி.டி.டி.ஏ. 4 கிராம். குளிர்தண்ணித் தொட்டிக்குள்ள முகவையை வைச்சு, 6 நோமல் சோடியம் ஐதரொட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு பீ.எச். 5.0 - 5.5 க்குக் கொண்டுவாங்கோ. 125 மி.லீ. அளவில் போகும். கெதியாக விட்டால் கொதிச்சுத் தெறிக்கும். பிறகு 1 லீற்றராக்கிறது. மிச்சம் பிடிக்க வேணுமெண்டால் அளக்கிற கனவளவைக் குறையுங்கோ: சின்னப் பிளாஸ்டிக் கப்பில் 10 மி.லீ. மாதிரி, 10 மி.லீ. டிசாப். மின்வாயின் நுனி தாழக் காணும். 200 அளவீட்டுக்கு 2 லீற்றர், அதாவது சி.டி.டி.ஏ. 8 கிராம்தான்.

நியமக் கரைசல்: சோடியம் புளோரைட்டை 105 பாகையில் 2 மணித்தியாலம் உலர்த்தி, 0.2210 கிராம் நிறுத்து 1 லீற்றராக்கினால் லீற்றருக்கு 100 மி.கி. புளோரைட்டு. பிளாஸ்டிக் போத்தலில் வையுங்கோ. இதிலிருந்து 0.2, 0.5, 1, 2, 5, 10 செய்து, ஒவ்வொண்டையும் மாதிரி மாதிரியே டிசாப்போட சரிபாதி கலந்து, குறைஞ்சதிலிருந்து கூடினதுக்கு வாசியுங்கோ. மில்லிவோல்ற்றுக்கு எதிரே செறிவின் மடக்கை வரைஞ்சால், பத்து மடங்குக்கு 54 - 60 மில்லிவோல்ற்று சரிவு வரவேணும். 50 க்குக் கீழ போனால் பளிங்கு அழுக்குப் பட்டிருக்கு அல்லது உள்திரவம் முடிஞ்சிருக்கு. ஒரு மில்லிவோல்ற்றுப் பிழைச்சால் செறிவு ஏறத்தாழ 4% பிழைக்கும். அதனால நியமமும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கவேணும். காந்தக் கலக்கி சூடாகும், கப்புக்கு அடியில் ஒரு துண்டு ரெஜிபோம் வையுங்கோ. 10 மி.கி. வாசிச்ச கையோட 0.5 ஐ வாசிக்காதேங்கோ, முந்தினதின் மிச்சம் ஒட்டியிருக்கும்.

இப்ப சோதனை. அந்த 0.4 காட்டின வடிநீர் இருந்தால் சரிபாதி டிசாப்போட கலந்து உடன ஒருக்கா, அரை மணித்தியாலத்தால ஒருக்கா, அடுத்த நாள் ஒருக்கா வாசியுங்கோ. எண் ஏறினால் அது அலுமினியத்தோட ஒளிச்சிருந்த புளோரைட்டு. பிறகு 50 மி.லீ. வடிநீரில் 100 மி.கி. நியமம் 0.5 மி.லீ. விட்டால் கிட்டத்தட்ட 1 மி.கி. கூடவேணும். 0.9 - 1.1 க்குள்ள வராட்டி முறையில் பிழை கிடக்கு.


கனகராயனாறு:

மேல சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அளவையைத் திருத்தின பிறகும் கிணற்றுத் தண்ணியில் குறைவாத்தான் இருக்கும், அதுக்குக் காரணம் வேற.

வடித்த நீரில் தாங்கற் தன்மை (பீ.எச். ஐ மாற விடாமல் பிடிக்கிற தன்மை) இல்லை. அலுமினியம் சல்பேற்று மிச்சம் இருக்கிற கரியைப் போட்ட உடன பீ.எச். 4 - 5 க்கு விழும். அந்த நிலையில் கரியின் மேற்பரப்பு நேரேற்றமா இருக்கும், மறையேற்றப் புளோரைட்டு ஓடிவந்து ஒட்டும். வவுனியாக் குழாய்க்கிணற்றுத் தண்ணியில் இருகாபனேற்று நிறைய. பீ.எச். 7.5, 8 எண்டு அசையாமல் நிக்கும். மேற்பரப்பின் ஏற்றம் குறைஞ்சிடும், ஐதரொட்சைட்டும் இருகாபனேற்றும் அதே இடத்துக்குப் போட்டி போடும். கணக்குப் பாருங்கோ: லீற்றருக்கு 400 மி.கி. இருகாபனேற்று எண்டால் 6.6 மில்லிமூல். 2.8 மி.கி. புளோரைட்டு 0.15 மில்லிமூல். ஒரு புளோரைட்டுக்கு எதிரே 44 இருகாபனேற்று நிக்குது.

உங்கட எண்களிலேயே இன்னொரு கணக்கு. லாப் கரைசலில் ஒரு கிராம் கரி 0.46 மி.கி. பிடிக்குது. கிணற்றுத் தண்ணியில் 0.07 மி.கி. ஒரு வீட்டுக்குக் குடிக்கச் சமைக்க ஒரு நாளைக்கு 20 லீற்றர் எண்டு வைப்பம். 2.8 ஐ 1.0 க்குக் கொண்டுவர 36 மி.கி. எடுக்கவேணும். 0.07 படி அரைக் கிலோக் கரிக்கு மேல, ஒவ்வொரு நாளும். இதைப் புரபோசலில் எழுதினால் "குறைந்த செலவு" எண்ட சொல்லை நீங்களே வெட்டிப்போடுவியள்.

அதனால லாப் கரைசலோட மட்டும் முடிக்கலாமோ எண்ட கேள்விக்கு என்ர பதில்: கூடாது. வடித்த நீரில் 90% எடுக்குது எண்டு காட்டின அறிக்கைகள் உலகம் முழுக்கக் குவிஞ்சு கிடக்கு. ஊமல் எண்ட பேரை மாத்தி இன்னொண்டு வந்தால் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். உங்கட கையில இருக்கிற நல்ல கேள்வி, ஏன் 0.46 ஆனது 0.07 ஆகுது, அதில பீ.எச். இன் பங்கு எவ்வளவு, போட்டியின் பங்கு எவ்வளவு எண்டது. அதைப் பிரிச்சுக் காட்டலாம், பெரிய இயந்திரம் ஒண்டும் வேண்டாம்.

நாலு தொடர் காணும். எல்லாத்திலும் புளோரைட்டு 3 மி.கி., கரி 1 கிராம், 100 மி.லீ., ஒரே நேரம்.
முதலாவது, வடித்த நீர், ஒண்டும் சேர்க்காமல்.
இரண்டாவது, வடித்த நீர், ஆனால் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியா விட்டு குலுக்கிற நேரம் முழுக்க பீ.எச். ஐ 8 இல் பிடிக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருக்காப் பாக்க வேணும், அலுப்பு வேலைதான்.
மூன்றாவது, இருகாபனேற்று 100, 200, 400, 600. சோடியம் இருகாபனேற்று 0.55 கிராம் ஒரு லீற்றருக்கு விட்டால் 400 மி.கி. இருகாபனேற்று.
நாலாவது, உண்மையான கிணற்றுத் தண்ணி.
முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில விழுறது பீ.எச். ஆல. இரண்டாவதுக்கும், மூன்றாவதில் 400 போட்டதுக்கும் இடையில விழுறது இருகாபனேற்றின் போட்டியால. மிச்சம் வேற அயன்கள். முடிவில பீ.எச். எவ்வளவெண்டு ஒவ்வொரு குடுவைக்கும் எழுதுங்கோ. தொடக்க பீ.எச். மட்டும் எழுதினால் இந்த ஆய்வுக்கு அர்த்தமில்லை.

கல்சியமும் சேர்த்துப் பாக்க ஆசைப்பட்டால் கவனம். இரு நீர் சேர்ந்த கல்சியம் குளோரைட்டு 0.367 கிராம் ஒரு லீற்றருக்கு 100 மி.கி. கல்சியம். அதை இருகாபனேற்றோட கலந்து வைச்சால் சுண்ணாம்பு படியும், புளோரைட்டு கூடினால் கல்சியம் புளோரைட்டாவும் படியப் பாக்கும். கரி எடுத்ததெண்டு நினைக்கிறது படிவாப் போயிருக்கும். கரி இல்லாத பிளாங்க் குடுவை இல்லாமல் அந்தத் தொடரைத் தொடாதேங்கோ.


செட்டிகுளம்காரி:

மிச்சம் நன்றி. போத்தலைப் பாத்தன், சாதாரண டிசாப்தான், அப்ப திரும்ப அளக்க வேணும். இரண்டு விஷயம் இன்னும் தெரியேல்ல. கரியை எத்தனை தரம் கழுவவேணும், எப்ப காணும் எண்டு எப்பிடித் தெரியும்? கிணற்றுத் தண்ணி ஒரே ஒரு கிணற்றிலதான் எடுத்தது, எத்தனை கிணறு வேணும்?


கரிமூட்டம்:

கழுவ முதல் ஒரு படி விடுபட்டிருக்கு. ஊறவிட்டு உலர்த்தினால் அலுமினியம் சல்பேற்று உப்பாகத்தான் கரிக்குள்ள நிக்கும், தண்ணி பட்டவுடன திரும்பக் கரையும். அதை அலுமினியம் ஐதரொட்சைட்டாப் படிய வைக்கவேணும். ஊறின கரியை அந்தக் கரைசலோடேயே வைச்சு, கலக்கிக் கலக்கி ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு பீ.எச். ஐ 6.5 - 7 க்கு ஏத்துங்கோ. வெள்ளைக் கூழ் மாதிரி வரும். அப்பிடியே ஓர் இரவு விட்டுப் பிறகு கழுவுங்கோ. பீ.எச். 9, 10 எண்டு ஏத்திவிட்டால் அந்தக் கூழ் அலுமினேற்றாத் திரும்பக் கரைஞ்சு போயிடும், கவனம்.

கழுவினது காணுமோ எண்டு பாக்க: கழுவின நீரில் கொஞ்சம் எடுத்து ஒரு துளி ஐதரோக்குளோரிக் அமிலம், இரண்டு துளி பேரியம் குளோரைட்டு. வெள்ளையாக் கலங்கினால் சல்பேற்று இன்னும் இருக்கு. கலங்காமல், மின்கடத்துதிறனும் இரண்டு கழுவலுக்கு மாறாமல் நிண்டால் காணும். கரியோட ஒட்டாத கூழ் கழுவலோட போகும், போகட்டும். அதைத் தேக்கி வைக்க நினைச்சால் பிறகு வடிதாளையும் அடைக்கும், மின்வாயிலும் ஒட்டும்.

கரி சுடுறதில ஒரு அறிவுரை: ஆய்வு முழுக்கத் தேவையான கரியை ஒரே தொகுதியாச் சுட்டு, ஒண்டாக் கலந்து, இறுக மூடி வையுங்கோ. ஜனவரியில் சுட்டதையும் மார்ச்சில் சுட்டதையும் ஒரே வரைபில் போட்டால் வித்தியாசம் எதால வந்ததெண்டு சொல்ல ஏலாது. 150 குடுவைக்குத் தலா 1 கிராம் எண்டால் 150 கிராம், பழுதாப் போறதுக்கும் நிரலுக்கும் (குழாயில கரியை நிரப்பித் தண்ணியை ஓடவிடுற பரிசோதனை) சேர்த்து 300 கிராம் வேணும். ஊமல் 500 பாகையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் கரியாத் தேறும், அரிப்பில் தூள் போகும், அப்ப 2 கிலோ காய்ஞ்ச ஊமல் எடுங்கோ. உலை சின்னனெண்டால் பல தரம் சுட்டு எல்லாத்தையும் கலக்கலாம், ஆனால் கலந்த பிறகுதான் பரிசோதனை தொடங்கவேணும்.

ஊமலின் தும்பை முதலில் சீவி எடுங்கோ. தும்பு சாம்பலாகிப் பொட்டாசியம் கூட்டும், அது பீ.எச். ஐக் குழப்பும். சட்டியை இலேசா மூடி மேல அலுமினியத் தாள் சுத்தினால் காணும், முழுக்க அடைச்சால் வாயு மூடியைத் தூக்கி எறியும். 100 பாகைக்குக் கீழ வராமல் திறந்தால் காத்துப் பட்டுக் கரி கனலத் தொடங்கிடும், பிறகு சாம்பல்தான். புகை தார்ப்புகை. லாபுக்குள்ள புகைபோக்கி இல்லாமல் செய்ய வேண்டாம்.

வெறும் கரி 5.0 இலிருந்து 4.7 காட்டினதை அறிக்கையில் விட்டிடாதேங்கோ. காபனுக்குப் புளோரைட்டில் பெரிசா நாட்டமில்லை, வேலை செய்யிறது அலுமினியம்தான் எண்டு காட்டுறதே அந்த எண்தான். இன்னும் ஒரு பிளாங்க் போடுங்கோ: கரி இல்லாமல், அதே அளவு அலுமினியம் ஐதரொட்சைட்டு மட்டும். அது கரியில் ஏத்தினதை விட நல்லா எடுத்தால் ஊமல் என்னத்துக்கு எண்டு பரீட்சகர் கட்டாயம் கேப்பார். கரி மணிமணியா நிண்டு தண்ணியைத் தடையில்லாமல் விடும் எண்டதுதான் அதுக்கு மறுமொழி, கூழை நிரலில் அடைக்க ஏலாது.


வேப்பங்குளம்:

கிணறு பற்றி நான் சொல்லுறன். எண்ணிக்கையை விட எந்தக் கிணறு எண்டதுதான் முக்கியம்.

வவுனியா நிக்கிறது பளிங்குப் பாறையில. புவிச்சரிதவியலில் வன்னித் தொகுதி எண்டே அதுக்குப் பேர், கிரனைற்று வகை நைசுகள். அதில இருக்கிற பயோரைற்று, கோண்பிளெண்டு, அப்பரைற்று போன்ற கனியங்களில் இருந்துதான் புளோரைட்டு வருது. ஆழமான குழாய்க்கிணற்றில தண்ணி பாறையோட கனகாலம் ஊறியிருக்கும், அதனால பொதுவா அங்க கூட. வெட்டுக்கிணற்றில காலபோக மழையோட ஐதாகும். வடக்கால கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கரையோரம் போனால் சுண்ணக்கல் வந்திடும், அது வேற இரசாயனம், ஒண்டாக் கலக்காதேங்கோ. கல்சியம் கூடின தண்ணியில் புளோரைட்டு அதிகம் ஏற விடாது, கல்சியம் புளோரைட்டாப் படிஞ்சிடும். சோடியமும் இருகாபனேற்றும் கூடி, கல்சியம் குறைஞ்ச தண்ணியிலதான் புளோரைட்டு ஏறும். உங்கட கரி வேலை செய்யாத தண்ணியும் அதேதான். இந்தப் பொருத்தத்தை முன்னுரையில் எழுதுங்கோ.

பன்னிரண்டு, பதினைஞ்சு கிணற்றில் புளோரைட்டு, காரத்தன்மை, பீ.எச்., மின்கடத்துதிறன், கல்சியம் மட்டும் அளவுங்கோ. அதிலிருந்து காரத்தன்மை குறைஞ்சது, நடுத்தரம், கூடினது எண்டு மூண்டைத் தெரிஞ்சு கரிப் பரிசோதனைக்கு எடுத்தால் காணும்.

மாதிரி எடுக்கேக்க: 500 மி.லீ. பொலித்தீன் போத்தல், கண்ணாடி வேண்டாம். அதே தண்ணியில் மூண்டு தரம் அலசி, காத்துக்குமிழ் இல்லாமல் விளிம்பு மட்டும் நிரப்பி மூடுங்கோ. கைப்பம்பு எண்டால் மின்கடத்துதிறன் மாறாமல் நிக்கும் மட்டும் அடிச்சு ஊத்திப்போட்டு எடுக்கவேணும், குழாய்க்குள்ள நிண்ட தண்ணியை எடுத்தால் அது கிணற்றுத் தண்ணி இல்லை. புளோரைட்டு பிளாஸ்டிக் போத்தலில் 28 நாள் கிடக்கும், அமிலம் விடத் தேவையில்லை. பீ.எச். அப்பிடியில்லை. நிலத்துக்கடியில் கரைஞ்சு இருந்த காபனீரொட்சைட்டு வெளியில வந்தவுடன போகத் தொடங்கும், 7.2 ஆக இருந்தது பின்னேரம் லாபில 8 காட்டும். பீ.எச். ஐக் கிணற்றடியிலேயே அளவுங்கோ. காரத்தன்மையை அண்டைக்கே நியமிப்பு: 50 மி.லீ. மாதிரிக்கு 0.02 நோமல் சல்பூரிக் அமிலம், பீ.எச். 4.5 மட்டும். போன ஒவ்வொரு மி.லீ. அமிலமும் லீற்றருக்கு 20 மி.கி. கல்சியம் காபனேற்று. அதை இருகாபனேற்றாக்க 1.22 ஆல் பெருக்க வேணும். இதை மறந்துபோட்டு இரண்டையும் ஒரே எண்ணா எழுதுற அறிக்கை கனக்க. கனகராயனாறு சொன்ன 400 மி.கி. இருகாபனேற்று, காரத்தன்மையாச் சொன்னால் 328.

எல்லை எண்ணையும் பாத்து எழுதுங்கோ. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது 1.5, இலங்கைக் குடிநீர் நியமம் 1.0. உங்கட இலக்கு 1.0 தான்.

இன்னொண்டு. முன்னுரையில் "புளோரைட்டால் சிறுநீரக நோய் வருகிறது" எண்டு எழுத வேண்டாம். எங்கட பக்கத்துச் சிறுநீரக நோய்க்குக் காரணம் இதுதான் எண்டு இன்னும் முடிவாகேல்ல. பற்புளோரோசிசு, எலும்புப் புளோரோசிசு இரண்டும் தெளிவா நிறுவினது, அதைச் சொன்னால் காணும். வீட்டுக்காரரிட்டயும் அப்பிடித்தான் கதைக்கவேணும். தண்ணி எடுக்க முதல் கேட்டு எடுங்கோ, முடிவை ஒரு தாளில் எழுதிக் கட்டாயம் திருப்பிக் குடுங்கோ. ஆக்களின்ர பேரும் கிணற்றின் துல்லியமான இடமும் அறிக்கையில் வரக்கூடாது, கிராமத்தின் பேரும் கிணற்று இலக்கமும் காணும். கூடின எண் வந்த வீட்டுக்காரருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணச் சொல்லுங்கோ. லாப்பில் செய்த கரியை "இதைப் போட்டுக் குடியுங்கோ" எண்டு குடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அலுமினியம் இன்னும் அளக்கேல்ல.


மின்வாய்:

அலுமினியம் பற்றிக் கடைசியில சொன்னது சரியான கதை. வடிநீரில் அலுமினியம் அளக்காமல் இந்த ஆய்வு முடியாது. நிறமானி இருந்தால் எரியோகுரோம் சயனின் ஆர் முறையில் 535 நானோமீற்றரில் அளக்கலாம். ஆனால் புளோரைட்டு அதிலும் குறுக்க நிக்கும், குறைச்சுக் காட்டும். நியமத்திலும் அதே அளவு புளோரைட்டு விட்டுத்தான் வரைபு போடவேணும். லீற்றருக்கு 0.2 மி.கி. தாண்டினால் கரி இன்னும் கழுவப்படவேணும் அல்லது அந்த பீ.எச். இல் அது நிலைக்காது.

நுணுக்குக்காட்டிப் படம் பற்றி: இல்லாட்டிக் குறையில்லை. கரி துவாரமாக் கிடக்குது எண்டு ஒரு படம் காட்டுறதால உங்கட கேள்விக்கு விடை வராது. அதுக்குப் பதிலா ஏற்றமற்ற பீ.எச். ஐ (கரியின் மேற்பரப்பில் நேரேற்றமும் மறையேற்றமும் சமனாகிற பீ.எச்.) கண்டுபிடியுங்கோ, செலவு உப்பும் நேரமும்தான். 0.01 மூலர் சோடியம் குளோரைட்டு 50 மி.லீ. வீதம் எட்டுப் பிளாஸ்டிக் போத்தல், தொடக்க பீ.எச். 3 இலிருந்து 10 வரை, ஒவ்வொண்டிலும் 0.15 கிராம் கரி, மூடி 24 மணித்தியாலம் குலுக்கி முடிவு பீ.எச். வாசியுங்கோ. மாற்றத்தைத் தொடக்கத்துக்கு எதிரே வரைஞ்சால் பூச்சியத்தை வெட்டுற இடம் அது. வெறும் கரிக்கும் அலுமினியக் கரிக்கும் இரண்டு கோடு. கிணற்றின் பீ.எச். அந்த வெட்டுப்புள்ளிக்கு எந்தப் பக்கம் நிக்குது எண்டது உங்கட விவாதப் பகுதியின் பாதி.

மேற்பார்வையாளர் இயக்கவியல் (நேரத்தோட எவ்வளவு பிடிக்குது), சமவெப்பக்கோடு (ஒரே வெப்பநிலையில், தண்ணியில் மிஞ்சின புளோரைட்டுக்கு எதிரே கரி பிடிச்ச அளவு) கேட்டால் செய்யுங்கோ, ஆனால் ஒழுங்காச் செய்யுங்கோ. இயக்கவியலில் 5, 10, 20, 40, 60, 120, 240 நிமிடத்துக்குத் தனித்தனிக் குடுவை. ஒரே குடுவையில் திரும்பத் திரும்ப உறிஞ்சி எடுத்தால் கரிக்கும் தண்ணிக்கும் உள்ள விகிதம் மாறிக்கொண்டு போகும். போலி இரண்டாம் வரிசை எண்ட இயக்கவியல் சமன்பாட்டுக்கு நேரத்தைக் கொள்ளளவால் வகுத்து நேரத்துக்கே எதிரா வரையிறவை. இரண்டு அச்சிலும் நேரம் நிக்கிறதால கண்டதுக்கெல்லாம் 0.99 வரும். அந்த 0.99 ஐ வைச்சு "இரசாயனப் புறத்துறிஞ்சல்" எண்டு முடிவு எழுதாதேங்கோ. எக்செல் சோல்வரில் வளைகோட்டையே நேராப் பொருத்தி, மீதிகளைப் பாருங்கோ. சமவெப்பக்கோட்டுக்கு கரியை மாத்தாமல் புளோரைட்டை மாத்தவேணும், ஏழெட்டுப் புள்ளியாவது.

மும்முறை எண்டால் கரியை மூண்டு தரம் நிறுத்து மூண்டு குடுவை. ஒரே குடுவைத் தண்ணியை மூண்டு தரம் வாசிச்சு நியமவிலகல் போட்டால் அது மீற்றரின் விலகல், கரியினது இல்லை.


செட்டிகுளம்காரி:

எல்லாம் எழுதி எடுத்திட்டன். கடைசியா ஒண்டு: மேற்பார்வையாளர் நிரல் செய்யச் சொல்லுறார். 2.5 செ.மீ. உள்விட்டக் குழாய் இருக்கு. எவ்வளவு கரி, எவ்வளவு வேகம்?


கனகராயனாறு:

30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் கனவளவு 147 மி.லீ., கரி 70 கிராம் அளவில் போகும், நிறுத்துத்தான் எழுதவேணும். நிமிடத்துக்கு 5 மி.லீ. விட்டால் படுகையில் தண்ணி நிக்கிறதாக் கணக்கிடுற நேரம் அரை மணித்தியாலம், அது காணும். அடியிலும் மேலயும் கழுவின மணல் 2 செ.மீ., பஞ்சு. கரியைக் காய்ஞ்சபடி கொட்டாதேங்கோ: ஓர் இரவு தண்ணியில் ஊறவிட்டு, குழாயில பாதிக்குத் தண்ணி நிக்க, கரண்டியாக் கரண்டியா இறக்குங்கோ. இல்லாட்டிக் காத்துக்குமிழ் சிக்கி ஒரு பக்கத்தால தண்ணி ஓடிப் போகும். தண்ணியைக் கீழிருந்து மேல விடுறது இன்னும் நல்லது.

எவ்வளவு நேரம் ஓடும் எண்டதை முன்னுக்கே கணிச்சு வையுங்கோ. கிணற்றுத் தண்ணியில் கிராமுக்கு 0.1 மி.கி. எண்டால் 70 கிராமுக்கு 7 மி.கி. லீற்றருக்கு 2 மி.கி. எடுத்தால் மூண்டரை லீற்றரில் முடிஞ்சிடும். நிமிடத்துக்கு 5 மி.லீ. எண்டால் 12 மணித்தியாலம் கூட இல்லை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாதிரி எடுத்தால் உடைவுப்புள்ளி (வெளியில வாற தண்ணியில் புளோரைட்டு எல்லையைத் தாண்டத் தொடங்கிற இடம்) கண்ணில படாமலே போயிடும். விடிய 6 மணிக்குத் தொடங்கி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா 20 மி.லீ. எடுங்கோ, பீ.எச். ஐ உடன வாசியுங்கோ. கிணற்றுத் தண்ணி 10 லீற்றர் கானில் ஒரே நாளில் அள்ளினதா இருக்கட்டும். கறண்ட் நிண்டால் பம்பு நிக்கும். கானை உயரத்தில வைச்சு சேலைன் குழாயின் திருகால வேகத்தைப் பிடிச்சால் அந்தக் கவலை இல்லை, ஆனால் கானில தண்ணி இறங்க இறங்க வேகம் குறையும், ஒவ்வொரு மாதிரிக்கும் அளவுச்சாடியால ஒரு நிமிடம் பிடிச்சு எழுதுங்கோ.